காது கேளாத பிள்ளையோடு கொட்டாஞ்சேனைக்கு: பெட்டியை வீட்டில் வையுங்கள்

காது சரியாகக் கேளாத பிள்ளையைக் கொழும்பில் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அலைகிறவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு யாரும் எழுதி வைக்கவில்லை.

அக்காவின் மகள் தர்சிக்கு ஒன்பது வயது. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்ததால், போன ஞாயிறு பக்கத்து வீட்டு ஆட்களோடு விமானத்தில் இரத்மலானைக்கு வந்திறங்கினாள். நான் வெள்ளவத்தை லொட்ஜில் தனி ஆள். வெள்ளி வரைதான் பிள்ளையை வைத்திருக்கலாம் என்றுவிட்டார் முதலாளி. கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் அவளைச் சேர்த்துக்கொண்டால் அங்கேயே விடுதி. இல்லாவிட்டால் திரும்பவும் விமானம்தான்.

நான் ரேடியோ, ரீவி என்று இலத்திரனியல் படித்தவன். ஆசிரியர் கழுத்தில் மைக், சத்தம் நேரே அவளுடைய காதுக்கருவிக்கு. இரண்டு கிழமையில் ஒரு பெட்டி செய்து, அதிபரிடம் போனில் பெருமையும் அடித்திருந்தேன்.

செவ்வாய் காலை 6.40க்கு 155 பஸ். பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம் போதும். மருதானைச் சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். சிப்பாய் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, "மே மொக்கக்த?" என்றான். இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறான். பிள்ளையின் காதுக்கு என்றிருந்தால் முடிந்திருக்கும். நான் சரியான பெயரைச் சொன்னேன்: "ட்ரான்ஸ்மிட்டர்."

ஒரு மணி இருபது நிமிடம். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, லொட்ஜுக்குப் போன். கடைசியில் எங்களை விட்டார்கள், பெட்டியை விடவில்லை.

"மாமா, வேற பேரே கிடைக்கேல்லையோ உங்களுக்கு?" என்றாள் தர்சி.

ஓட்டோவுக்கு 150 ரூபாய். போய்ச் சேர 9.15.

"மெஷின் எங்க தம்பி?" அதிபர் கேட்டார்.

"ஆமி வச்சிருக்கு, மிஸ்."

"அது இல்லாம நாப்பது பிள்ளையளுக்குள்ள இவ என்ன செய்யப்போறா? காது கேளாத பிள்ளையளின்ர பள்ளிக்கூடம்தான் சரி."

"சோதிக்காமலே சொல்லுறீங்களே?"

அதிபருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சொல்வதெழுதுதல் தொடங்கினார். ஐந்து சொல் போயும் தர்சியின் தாள் வெறுமை. அவள் எழுந்து போய்ப் புத்தகத்தை மெல்லக் கீழே இழுத்தாள்.

"மிஸ், வாய் தெரியேல்ல."

அதிபர் "கெட்டிக்காரி" என்று சிரித்துவிட்டு, முதலிலிருந்து அவளைப் பார்த்தே சொன்னார். பத்துக்கு எட்டு.

"ஒரு தவணை, மூண்டு மாசம், பாப்பம். முன் வரிசை வாங்கில இருக்கட்டும். கரும்பலகையைப் பாத்துக்கொண்டு கதைக்க வேண்டாமெண்டு ரீச்சர்மாருக்கு நான் சொல்லுறன்."

பெட்டி இன்னும் மருதானையில்தான். கேட்கப் போகவில்லை.

நீங்கள் போவதானால்: ஆறு மணிக்கே வெளிக்கிடுங்கள். வைத்தியரின் கடிதத்தைச் சிங்களத்திலும் எடுங்கள். வயர் உள்ள எதையும் கொண்டு போகாதீர்கள்.

விடைபெறும்போது முன்னால் போய் நின்று சொல்லுங்கள். அன்றே விடுதி அக்கா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போக, நான் கேற்றடியில் நின்று, "போட்டு வாறன் தர்சி" என்றேன். இரண்டு தரம் சொன்னேன். அவள் திரும்பவில்லை. 155 வெள்ளவத்தைக்கு வரும்வரை பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.