சும்மாடு கட்டிய ஹெல்மெட்

அன்றைக்கு இருந்தது நான், கொத்தனார். என் மனைவி, எனக்குச் சித்தாள். எங்கள் மேஸ்திரி. கேமரா பார்க்க வந்த இன்ஜினியர் பொண்ணு.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்குப் புது ஷெட் கட்டிக்கொண்டிருந்தோம். கம்பத்தில் ஒரு கேமரா. ஹெல்மெட் இல்லாத தலையைப் பார்த்தால் கத்தும். மூன்று தரம் கத்தினால் அந்த ஆளுக்கு அங்கே வேலை இல்லை.

என் மனைவி ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தாள். அதற்கு மேல், கலவைச் சட்டி வழுக்காமல் இருக்க, துணியைச் சும்மாடாகச் சுற்றிக் கட்டியிருந்தாள். பக்கத்துக் கம்பெனியில் மண் அரைத்தால் எல்லாம் வெள்ளைத் தூசி. கேமராவுக்கு அவள் வெறுந்தலையாகத் தெரிந்தாள். இரண்டு தரம் கத்திவிட்டது. இன்னொரு தரம் கத்தினால் அவள் பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போகணும். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரே இடத்தில்தான் வேலை செய்கிறோம்.

"துணிய எடுத்துட்டு நடங்கக்கா" என்றது அந்தப் பொண்ணு.

"எடுத்தா சட்டி வழுக்கும்மா. நேத்தே கலவைய மேஸ்திரி கால்ல கொட்டிட்டேன்."

"வேணும்னுதான் கொட்டுச்சு" என்றார் மேஸ்திரி.

பொண்ணு கேமராவை அண்ணாந்து பார்த்தது. "உங்க மேல தப்பு இல்லக்கா. துணி கட்டுன ஹெல்மெட்ட இதுக்கு நாங்க காட்டவே இல்ல. இந்தத் தூசியையும் காட்டல. காட்டுனா கத்துக்கும். நடங்க, படம் எடுத்துக்கறேன்."

கேமரா கத்துவதை நிறுத்திவைத்துவிட்டு, மண் அரைக்கிற நேரம் பார்த்து நடக்கவிட்டது. வெயிலில், நிழலில், சட்டியோடு, சட்டி இல்லாமல். நான் ஏணியில் நின்று கேமராக் கண்ணாடியைத் துடைத்தேன்.

"சிரிக்க வேணாங்க்கா. ஹெல்மெட்டுதான் வேணும்."

"சட்டியத் தூக்கிகினு யாரும்மா சிரிப்பா? என் மூஞ்சியே அப்படித்தான்."

அது நிஜம். அவள் மூஞ்சி அப்படித்தான்.

"கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ எடுத்திருக்க மாட்டீரு, கொத்தனாரே" என்றார் மேஸ்திரி.

மறுவாரம் பொண்ணு திரும்ப வந்து கேமராவைச் சரிசெய்து, பழையபடி கத்தவும் விட்டது. தூசி நன்றாகப் பறந்தது. இவள் சும்மாடு கட்டி, சட்டியோடு கம்பத்தைத் தாண்டினாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

கத்தவில்லை.

என் பக்கத்தில் வந்து கலவையைக் கொட்டினாள். "என்னா பாக்கறீங்க, பூசுங்க" என்றாள். பிறகு அந்தப் பொண்ணிடம் திரும்பி, "என் படம் எத்தினிம்மா இருக்குது அதுல?" என்று கேட்டாள்.

பொண்ணு லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னது.

இருநூற்றுப் பதினாறு.