நாலாவது தேவதையின் நிறம்

கழுத்தை அண்ணாந்தே வயிறு கழுவுகிற பங்காளிகளே, மச்சுக்கு வர்ணம் அடிக்கிறவனுக்கு முதல் கோட்டு அவன் மூஞ்சியில்தான் விழும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அப்போது எனக்கு வயது பதினேழு. வேலையில் என் ஜோடி ஏழுமலை. இது ராயபுரத்தில் ஒரு புது வீட்டில் நடந்தது.

முதலாளி குரல்

வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். தண்டையார்பேட்டையில் கருப்பட்டி மண்டி. அவருடைய அதட்டல் முதல் நாளே என் நாக்கில் ஏறிவிட்டது. ஏழுமலை கதவில் ஈர வர்ணத்தின் மேல் சீப்பை இழுத்து, காட்டு மரத்துக்குத் தேக்கு ரேகை போட்டுக்கொண்டிருந்தான். நான் சாரத்தின் மேலிருந்து, "ஏலே ஏழுமலை, ரேகையா போடுத? கோழி கிண்டுத மாதிரில்லா இருக்கு" என்றேன். அவன் சீப்பைப் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றான். உள்ளே அந்த வீட்டம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால் வாசலில் நிஜ முதலாளி. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "இன்னொரு தரம் பேசுல. பிள்ளை போன பொறவு அவ இன்னைக்குத்தான் சிரிக்கா."

ரோஸ்

கூடத்து மச்சின் நாலு மூலையிலும் சாந்தில் வார்த்த தேவதைக் குழந்தைகள், சிறகோடு. வெள்ளையில் துளி சிவப்பு கலந்தால் ரோஸ், துரை வீட்டுப் பிள்ளை நிறம் வந்துவிடும். எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். மூன்று முகம் முடிந்திருந்தது. வீட்டம்மா சாரத்துக்குக் கீழே வந்து நின்று, "நாலாவதை எங்க எஸ்தர் நிறத்துல அடிங்க. அவ கறுப்பு" என்றார். எஸ்தர்தான் காய்ச்சலில் போன பெண்.

"கறுப்புல தேவதை எங்கம்மா கீது?" என்றான் ஏழுமலை.

முதலாளியும் தலையாட்டினார். "புதுவீட்டு ஜெபத்துக்கு ஊரே வரும். பாத்துச் சிரிப்பாவ."

அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. அந்த மூலையையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "உசிரோட இருந்தப்போ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவ கூச்சப்பட்டிய. இப்பவுமா?"

கை

பிள்ளையைப் போட்டோ பிடித்து வைக்கவில்லை. பார்த்து அடிக்க ஒன்றுமில்லை. காவியில் விளக்குக் கரி சேர்த்தேன். சேறு மாதிரி வந்தது. மஞ்சள் சேர்த்தேன், சீக்குக்காரி முகம். அம்மா என் பிரஷை வாங்கித் தன் முழங்கையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் நல்ல சிவப்பு. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார். எவ்வளவு என்று அவருக்கே சொல்ல வரவில்லை.

முதலாளி அன்று மண்டிக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்து வந்து சட்டைக் கையைச் சுருட்டி, அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே கையை என்னிடம் நீட்டினார்.

"அவ உன் நிறமில்ல, என் நிறம். இங்க வச்சுப் பாருல."

ஜெபம்

ஜெபத்தன்று எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அம்மாவின் தம்பி மேலே பார்த்து, "அந்த மூலையில ஒழுகுதா அத்தான்? பிள்ளை மூஞ்சில கறை புடிச்சிருக்கே" என்றார். ரெண்டு பேர் சிரித்தார்கள். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு புருஷனைப் பார்த்தார்.

அவர் அதட்டவில்லை. ஆனால் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது: "கறை இல்லடே. எங்க மக எஸ்தர்."

இனி எல்லா வீட்டிலும் இதையே கேட்பார்கள் என்று நாங்கள் காவியை மூட்டையாக வாங்கி வைத்தோம் பங்காளிகளே, அடுத்து வேலைக்குப் போன வீட்டுக்காரரோ, அவரும் நம்மைவிட ஒரு கை கறுப்புதான், நாலுக்கும் ரோஸே போதும் என்றார்.