அய்யம்மாளின் பத்தியம்

திண்டுக்கல்லில் நாங்கள் காலை நடை போகும் மைதான வாசலில் அய்யம்மாள் ஆறு வருடமாக மருதம்பட்டைக் கஷாயம் விற்றாள். நெஞ்சுக்கு நல்லது என்று எழுதிய அட்டை பாத்திரத்தில் தொங்கும். கலப்படம் கிடையாது. வடமதுரைப் பக்கம் போய்ப் பட்டையைத் தானே பார்த்து வாங்குவாள்.

பத்தியத்தில் மட்டும் கறார். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், கவிச்சி கூடாது. இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது.

"ரெண்டும் உள்ள போயி சண்ட போடும் சார். ஒண்ணத்தான் நம்பணும்" என்பாள்.

எனக்கு ரத்தக்கொதிப்பு. அவளிடம் தலையை ஆட்டிவிட்டுக் கஷாயத்தைக் குடிப்பேன். வீட்டுக்குப் போய் மாத்திரையும் போட்டுக்கொள்வேன். வாத்தியார் வேலை பார்த்தவன், அதை அவளிடம் சொல்லவில்லை. காலங்காத்தாலே எதற்கு மல்லுக்கட்டு என்று இருந்துவிட்டேன். கோழை.

அவள் வீட்டுக்காரர் பொம்மையன் சரக்கு ஆட்டோ ஓட்டினார். போன ஆவணியில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். தை பிறந்ததும் அய்யம்மாள் அவருக்கு மண்டலத்தை ஆரம்பித்து, மாத்திரை டப்பாவை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்தாள். ஊருக்குச் சொன்னதைத்தான் தன் வீட்டிலும் செய்தாள். முப்பத்தொன்றாம் நாள் அவர் ஆட்டோவிலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரைதான் இருந்தார்.

அங்கிருந்த டாக்டரம்மா திட்டவில்லையாம். "மருதம்பட்டைய நான் குறை சொல்லலம்மா. சின்னச் சின்னதா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. அதுலயும் பெரும்பாலும் மாத்திரையோட சேத்துத்தான் குடுத்துப் பாத்தாங்க. மாத்திரைக்குப் பதிலா இல்ல" என்றாராம்.

துக்கம் கேட்கப் போன என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, "அப்ப ரெண்டையும் குடுத்துருக்கலாமா சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் இரண்டையும் சேர்த்தே சாப்பிட்டுவந்ததை அப்போதும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மைதானத்துக்கு வந்தாள். பாத்திரம் இல்லை. வாசலில் வெறுங்கையோடு நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொன்னாள். சிலர் நின்று கேட்டார்கள், சிலர் ஒதுங்கிப் போனார்கள்.

ஒருவரிடம் மட்டும் அவளால் இன்னும் சொல்ல முடியவில்லை. நீலத் தொப்பிக்காரர், பைபாஸ் ஆனவர். அவள் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டதாகத் தை மாதம் பெருமையாகச் சொன்னவர். பெயரோ ஊரோ யாருக்கும் தெரியாது. மாசியிலிருந்து ஆளைக் காணோம்.

"தொப்பிக்காரரு வந்தாரா சார்?"

"வெளியூரு போயிருப்பாரும்மா."

அவள் தலையை ஆட்டுகிறாள். நான் அவளிடம் ஆட்டிய அதே ஆட்டல்தான்.