உங்கள் வண்டியில் ஒரு பார்ட் மாற்ற வேண்டும், சார்

வண்டியை விற்பவனுக்குக் கைகுலுக்கல் கிடைக்கும், கழுவுகிறவனுக்கு டிப்ஸ் கிடைக்கும். விற்ற வண்டியைத் திரும்பக் கூப்பிடுகிறவனுக்குக் கிடைப்பது வசவுதான்.

துபாயில், அல் கூஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பின் மாடியில் உட்கார்ந்து நான் பார்ப்பது அந்த வேலை. வண்டி, அமெரிக்காவில் செய்த இரண்டு கதவு கார். நீண்ட மூக்கு, ஸ்டார்ட் செய்தால் பார்க்கிங்கே அதிரும். அதன் டிரைவர் பக்க ஏர்பேக்கில் கோளாறு. வருஷக்கணக்காக வெயிலும் புழுக்கமும் ஏறிய வண்டி எதிலாவது மோதினால், ஆளைக் காப்பாற்ற வேண்டிய பை இரும்புச் சில்லுகளை முகத்தில் அடித்துவிடலாம். ‘இலவசமாக மாற்றித் தருகிறோம், கொண்டு வாருங்கள்’ என்று ஓனர்களுக்குப் போன் செய்ய வேண்டும். இதற்கு ரீகால் என்று பெயர். முகம் தெரியாதவர்களிடம் தினமும் போனில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சகோதரர்களே, உங்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

இலவசம் என்றால் ஆபத்து

தேராவில் மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் ஒருவர். மகனுக்காக வாங்கிய வண்டி அவர் பெயரில் இருந்தது. முதலில் இந்தியில் ஆரம்பித்தேன். அவருடைய ‘அச்சா’விலேயே நம்ம ஊர்க்காரர் என்று தெரிந்துவிட, தமிழுக்கு மாறினேன். எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா, யார் சமைக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. என்னிடம் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

பேச்சோடு பேச்சாக, பார்ட்டுக்குக் காசு வேண்டாம், வண்டியை மட்டும் கொண்டு வாருங்கள் என்றேன்.  உடனே சொன்னார்: “இந்தியில ஏமாத்துறவன்கிட்ட தப்பிச்சிருவேன் தம்பி. தமிழ்ல பேசினா மனசு இளகிப் போகுது. அதனால போனை வச்சிர்றேன்.”

எத்தனை நட்சத்திரம்?

ஷார்ஜாவில் ஒரு நம்பருக்கு அடித்தேன். எடுத்தது ஓனரின் மனைவி. கணவர் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். லீவு நாள் வந்தால் நண்பர்களோடு மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கிளம்பிவிடுவாராம். இந்த அம்மா கைக்குழந்தையோடு ஃப்ளாட்டில். பின்னால் குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

“இந்த வண்டி பத்திரமானதுதானாண்ணா?” என்று கேட்டார். பாதுகாப்புக்குத் தரும் நட்சத்திரக் கணக்கை விளக்கினேன். அமெரிக்காவில் மோத விட்டுப் பார்த்தபோது நல்ல மதிப்பெண், ஐரோப்பாவில் வேறு விதமாக மோத விட்டபோது அவ்வளவு இல்லை, பின்சீட்டுக் குழந்தைகளுக்கு இன்னும் சுமார் என்று பயிற்சியில் படித்ததை ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எந்த ஊர்ல மோதினா என்னண்ணா? இதை இனிமே ரிப்பேர் பண்ணவே முடியாதுன்னு மட்டும் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன், லீவு நாள்ல வீட்ல இருப்பாரு.”

நின்ற இடத்தில் ஓடும் வண்டி

சில வண்டிகள் கைமாறிக் கைமாறி எங்கோ போயிருக்கும். பழைய ஓனர் நாட்டை விட்டே போயிருப்பார், நம்பர் செத்திருக்கும். அஜ்மானில் என் பில்டிங்குக்குப் பின்னால் மணல் மைதானம் ஒன்று உண்டு. ஒரு சாயங்காலம் அங்கே அதே மாடல் உறுமிக்கொண்டு நின்றது. தொழில் புத்தி, உள்ளே ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் முன்கண்ணாடி ஓரம் குனிந்து சேஸிஸ் நம்பரைப் படித்தேன். நாங்கள் தேடிக்கொண்டிருந்த வண்டிதான். நிமிர்ந்தால், உள்ளே ஏசியைப் போட்டுக்கொண்டு ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கரன்கோவில் மாரியப்பன் அண்ணன். ஏசி டெக்னீஷியன். குடும்பத்தை ஊருக்கு அனுப்பிய பிறகு, ஆறு பேர் தங்கும் ரூமில் ஒரு கட்டில். மனைவியோடும் மகளோடும் பேச ஒரு தனி இடம் வேண்டும் என்று இந்தப் பழைய வண்டியை விற்காமல் வைத்திருக்கிறார். டியூட்டி முடிந்ததும் வந்து உட்கார்ந்து வீடியோ காலில் பேசுவார். பேசி முடித்த பிறகும் உட்கார்ந்திருப்பார். ஏர்பேக் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “நான் எங்க தம்பி ஓட்டுதேன்? நின்ன இடத்துல நிக்கிற வண்டி எதுல போயி மோதப் போவுது?”

ஒரு பார்ட்

மாரியப்பன் அண்ணனேதான் பிறகு போன் செய்தார். லீவுக்கு மனைவியும் பாப்பாவும் வருகிறார்களாம், ஏர்போர்ட்டுக்கு இந்த வண்டியில்தான் போக வேண்டுமாம்.  தூசு தட்டாத வண்டி, மாற்றாத ஏர்பேக், கூட ஒரு சின்னப் பெண். பார்ட் ஸ்டாக்கில் இல்லை. அன்று வர வேண்டிய ஒருவர் வராமல் போனதில் ஒன்று மிச்சம் என்று கேள்விப்பட்டு, ஸ்டோர்கீப்பர் பிஜுவிடம் ஓடினேன்.

யாருக்கு என்றான். மாரியப்பன் அண்ணனுக்கு என்றேன். பிஜு என்னைப் பார்த்தபடியே பெட்டியை எடுத்து வைத்தான்: “எல்லாரும் இங்க வந்து நம்பர்தான் சொல்லுவாங்க. நீ பேர் சொல்லிக் கேட்கிறே, கொண்டு போ.”

திருப்தியா சார்?

வேலை முடிந்த ஒவ்வொரு வண்டிக்கும் பிறகு ஒரு போன் செய்து திருப்தியா என்று கேட்க வேண்டும். கம்பெனி விதி. அவரை மட்டும் கொஞ்சம் தாமதமாகக் கூப்பிட்டேன், குடும்பத்தோடு இருக்கும்போது தொந்தரவு வேண்டாம் என்று. ஸ்டியரிங் பக்கம் ஏதாவது சத்தம் வருகிறதா அண்ணே என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று விதியில் இல்லாத ஒன்றையும் கேட்டேன்.

“ஊருக்குப் போயிட்டாவ தம்பி. பின்சீட்டுல பாப்பா கால் நீட்டணும்னு அவ அம்மா முன்சீட்ட முன்னால இழுத்து வச்சிருந்தா. அது அப்படியேதான் கெடக்கு, தள்ளி வைக்க மனசு வரல.”

பகல் முழுக்க ஊரார் வண்டிகளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து அஜ்மான் போய், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்துக்கொள்ளும் கௌரவமான உத்தியோகம் இது.