மூக்கடைத்த காலை

போர்மேன் அண்ணாச்சி பட்டாசு மருந்து அறையின் வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிவார். ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "ம், போங்க" என்பார். அதன் பிறகுதான் நாங்கள் நான்கு பெண்களும் உள்ளே போவோம். அலுமினியத் தூள் கலந்த பட்டாசு மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். மூத்திர வாடை போல ஒரு நெடி வரும். அதுதான் எங்களுக்கு எச்சரிக்கை. தொட்டா பார்க்க முடியும்?

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக்கு மட்டுமல்ல, சளிக்கும் சீசன் உண்டு. சித்திரைப் புழுதியில் தொண்டை கட்டும். ஆடிக் காற்றில் தும்மல் நிற்காது. ஐப்பசி மழை விழுந்துவிட்டால், ஒருத்திக்கு வந்த சளி கம்பெனி வேனிலேயே எல்லாருக்கும் ஒட்டிக்கொள்ளும். காது அடைக்கும், மூக்கில் எந்த வாடையும் ஏறாது. தீபாவளி வேலை முடியும்வரை டாக்டரிடம் போக லீவு கிடையாது. முடிந்ததும் பாதி கம்பெனி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கும்.

அப்படி ஓர் ஐப்பசியில், இரவெல்லாம் மழை பெய்த மறுநாள், அண்ணாச்சி குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். முதல் நாள் மிஞ்சிய மருந்து உள்ளே இருந்தது. வைக்கக் கூடாதுதான்; லோடு ஏற்றுகிற அவசரத்தில் வைத்துவிட்டார்கள். கூரை ஒழுகியதா என்று வெளியிலிருந்து தெரியவில்லை.

"ஏத்தா, எனக்கு மூக்கு சுத்தமா அடைச்சுக் கெடக்கு. உங்கள்ல யாருக்காச்சும் வாடை தெரியுதா?"

ஒருத்திக்கும் தெரியவில்லை. எங்களைத் தள்ளிப்போய் வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னார். கணக்குப்பிள்ளை வந்து கத்தினார்.

"லாரி நிக்குது. சளி புடிச்சதுக்கெல்லாமா வேலைய நிப்பாட்டுவீக?"

"உங்களுக்குத்தான் சளி இல்லையே. நீங்க வந்து மோந்து பாத்துச் சொல்லுங்க, அனுப்புறேன்," என்றார் அண்ணாச்சி.

கணக்குப்பிள்ளை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அதைப் பார்த்ததும்தான் நான் எழுந்து இன்னும் தள்ளிப்போய் உட்கார்ந்தேன்.

மதியம் வெயில் ஏறிய பிறகு அண்ணாச்சி தனியாக உள்ளே போனார். நாங்கள் தள்ளியிருந்தே பார்த்திருந்தோம். மருந்துச் சட்டியைத் தூக்கிவந்து வெட்டவெளியில் வைத்தார். மருந்து காய்ந்துதான் இருந்தது.

நாங்கள் மரத்தடியில் இருக்கும்போதே அறை வெடித்திருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். வெடிக்கவில்லை. பொழுதைக் கெடுத்தவர் என்று தீபாவளிக்கு முன்பே வேலையை விட்டு நிறுத்தினார்கள். எனக்கு இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை.

இப்போது வேறொரு கம்பெனியில் வாசலில் குனிந்து பார்க்கிற வேலை என்னுடையது. நேற்று காலை, மழைக்குப் பிறகு, எனக்கு மூக்கில் எதுவும் ஏறவில்லை. பெண்களுக்கும் அப்படியே. அறையைத் திறக்க மாட்டேன் என்றேன். மேனேஜர் வந்து சத்தம் போட்டார். "நீங்க வந்து மோந்து பாருங்க சார்," என்றேன். அவரும் வரவில்லை.

இனி என்னை ஏற்றிக்கொள்ள கம்பெனி வேன் எங்கள் தெருவில் நிற்குமா என்று தெரியவில்லை. நேற்று பெண்கள் எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.