பஞ்சாயத்துக்காரர் மேல் வந்த பிராது

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஆனால் அவர் போகும் கிறிஸ்தவ சபையில் அவருக்கு 'சாவிக்கொத்து' என்றுதான் பெயர். ஆலயக் கதவு, பீரோ, மைக்செட் பெட்டி எல்லாவற்றின் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். சபைச் செயலாளர் என்றால் அப்படித்தான் என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

சாவிகளோடு சண்டைகளும் அவரிடமே வந்து சேர்ந்தன. பாடகர் குழுவில் முன்வரிசை யாருக்கு, யார் வண்டியை யார் மறித்தது, எல்லாம் அவர் வீட்டு முன்னறையில்தான் விசாரணை. சாப்பிட உட்கார்ந்தால் வாசல் மணி அடிக்கும். "நிம்மதியா ஒரு வாய் சாப்பிட விடுறாங்களா?" என்று அலுத்துக்கொள்வார். அடிக்காத நாளில், மணி கெட்டுவிட்டதோ என்று எழுந்துபோய் அழுத்திப் பார்ப்பார்.

ஒரு ஞாயிறு போதகர் வெளியூர் போயிருந்ததால் பிரசங்கம் இவர் தலையில் விழுந்தது. பைபிளில் வரும் மோசேயை எடுத்துக்கொண்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை மோசே ஒற்றை ஆளாய் வழக்கு கேட்பதையும், மாமனார் எத்திரோ வந்து, பாரத்தை நல்லவர்களுக்குப் பிரித்துக்கொடுக்கச் சொன்னதையும் விவரித்தார்.

"எல்லாத்தையும் தனியா இழுத்துப் போட்டுக்கிறது ஊழியம் இல்ல, அகங்காரம்!" என்று மேசையைத் தட்டினார். இடுப்பில் சாவிகள் கலகலத்தன. சபையே சிரித்தது. தனக்கு இவ்வளவு நகைச்சுவை வருமா என்று பூரித்துப்போனார்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "நல்லாத்தான் பேசினீங்க. யாரைப் பத்தின்னு தெரிஞ்சுதான் பேசினீங்களா?"

"மோசேயைப் பத்தி."

"அவருக்கு மாமனார் வந்து சொன்னாரு. எங்கப்பா சொன்னா நீங்க எங்க கேக்கப் போறீங்க? அதான் நானே சொல்றேன்."

முதலில் கோபம் வந்தது. ஜனங்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பது மண்டையில் இறங்கியபோது, கோபம் போய் வெட்கம் வந்தது.

அடுத்த கூட்டத்தில் வழக்குத் தீர்க்க மூன்று பேரைச் சபையே தேர்ந்தெடுத்தது: ஒரு தையல்காரி, ஒரு நர்ஸ், ஒரு பஸ் டிரைவர். சாவிகளையும் பிரித்துக்கொடுத்தார். பாதிச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

முதல் வழக்கு கீபோர்டுக்காரருக்கும் டிரம்ஸ்காரருக்கும். டிரம்ஸ் சத்தத்தைப் பற்றிய சண்டை அது. இவர் பலமுறை தீர்ப்புச் சொல்லி, ஒவ்வொரு முறையும் பெரிதாக்கி வைத்திருந்தார். மூவரும் தீர்ப்பே சொல்லவில்லை. டிரம்ஸ்காரரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, அவர் தம்பியை அவரைப் போலவே டிரம்ஸ் அடிக்கச் சொன்னார்கள்.

"அய்யய்யோ, நான் இவ்வளவு சத்தமாவா அடிக்கிறேன்?" என்றார் அவர். சண்டை முடிந்தது. ஆலோசனைக்குக் கூப்பிடுவார்களோ என்று ஜன்னலோரம் நின்றிருந்த நம்மவருக்கு வயிறு எரிந்தது.

மறுவாரம் கூப்பிட்டார்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மிடுக்காகப் போனார்.

"உக்காருங்கண்ணே. பிராது உங்க மேலதான்," என்றாள் தையல்காரி. "அறிவிப்பு வாசிக்கிறேன்னு பிரசங்கத்தை விட நீளமாப் பேசுறீங்களாம்."

"யார் சொன்னது?"

"யார் சொல்லலன்னு கேளுங்க," என்றாள் நர்ஸ்.

விளக்கம் சொல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"சுருக்கமா, அண்ணே," என்றார் டிரைவர்.

அறிவிப்பை இனி ஆளுக்கொரு வாரம் வாசிக்கலாம் என்று முடிவானது. மேல்முறையீட்டுக்கு யாரிடம் போவது என்று யோசித்தார். இதுவரை அந்த இடத்திலும் அவரேதான் இருந்தார்.

"சரி," என்றார்.

தான் பேசியதிலேயே சபை அதிகம் மெச்சிய பேச்சு அந்த ஒற்றைச் சொல்தான் என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.