ஊற்றுத் தண்ணீரும் நாலு பக்க எஸ்டிமேட்டும்

“…அதுலயும் கம்பெனி சர்வீசுல காப்பியச் சும்மா குடுத்தாங்கண்ணே. அப்பவே தெரிஞ்சுபோச்சு, பில்லு பெருசா வரும்னு” என்று சொல்லிக்கொண்டே சாந்தி நாலு பக்கக் காகிதத்தை என் மேஜைமேல் வைத்தாள்.

ரிப்பேருக்கு வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். அந்தக் காப்பி வாக்கியத்தை அன்றைக்கே எழுதிக்கொண்டேன். போடியிலிருந்து முந்தல் போகிற ரோட்டில் முப்பத்திரண்டு வருஷம் பட்டறை வைத்திருந்தவன் நான். புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிமார்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சரியாகச் செய்த வேலைகளைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது அந்தக் கணக்கில் சேராது.

1. பென்சில்

சாந்திக்கு ஊர் ராசிங்காபுரம். வீட்டுக்காரர் கீழே வயலைப் பார்க்கிறார். அவள் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறாள். பறிப்பு நாட்களில் விடியற்காலையில் ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு தானே வண்டி ஓட்டி மலையேறுவாள், பொழுது சாய இறங்குவாள். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. வாங்கி நாலு வருஷம்.

கொஞ்ச நாளாக ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது, கீழே ஒழுகின தடமே இல்லை என்று தேனியில் கம்பெனி சர்வீசுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அவர்கள் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்ததுதான் அந்த நாலு பக்கம். எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் போய்விட்டது, சிலிண்டர் ஹெட்டையே மாற்ற வேண்டும், ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் புதிது, அதோடு இன்ஜெக்டர் க்ளீனிங், ஏசி சர்வீஸ். பதினைந்து நாள் ஆகும். தொகையைப் பார்த்தேன். வண்டி வாங்கும்போது அவள் கட்டிய முன்பணத்துக்குப் பக்கத்தில் நின்றது.

“இந்தக் காசுக்கு எஞ்சினக் கழட்டிப் போட்டுட்டு ரெண்டு மாட்டப் பூட்டிக்கிரலாம்ணே” என்றாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. “காசக்கூட எங்கிட்டாவது பொரட்டிருவேன். பதினஞ்சு நாளுக்கு எங்க போறது? காய் நிக்குமா? இந்தப் பறிப்புச் சுத்து விட்டுப்போச்சுன்னா பழுத்து வெடிச்சு அணிலுக்கும் எலிக்கும்தான். நீங்க பாத்துச் சொல்லுங்க, சரின்னு சொல்லவா, வேண்டாம்னு சொல்லவா?”

இப்படி வந்து கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். கம்பெனியில் எஸ்டிமேட் கொடுத்தால் அங்கேயே சரி என்று சொல்லமாட்டார்கள். மடித்து வைத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். முன்னே ஒரு வாத்தியாருக்கு கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். தேய்ந்துபோன ஒரு புஷ்ஷை மாற்றி அனுப்பினேன். வாத்தியார் அதைப் பள்ளிக்கூடத்தில் பாடம் மாதிரி நடத்திவிட்டார். அதிலிருந்து, “அண்ணங்கிட்டப் பட்டியலக் குடு, பாதிய அடிச்சுக் குடுத்துருவாரு” என்று ஊரில் பேர் ஆகிவிட்டது. அந்தப் பேர் எனக்கும் பிடித்திருந்தது.

“கொண்டா” என்று வாங்கிக் காதிலிருந்த பென்சிலை எடுத்தேன். பானெட்டைத் திறக்கவில்லை. வண்டியிடம் போகக்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஹெட்டை அடித்தேன், கேஸ்கட்டை அடித்தேன், பம்பை அடித்தேன், ரேடியேட்டரை அடித்தேன்.

“தெர்மோஸ்டாட் தெறக்காம மாட்டிக்கிட்டிருக்கும் தாயி. ரேடியேட்டர் மூடியும் ப்ரெஷர் தாங்காமப் போயிருக்கும். ரெண்டையும் மாத்துனா சோலி முடிஞ்சது. வெள்ளிக்கெழம மலையேறு.”

அவள் அங்கேயே நின்று பறிப்புப் பெண்களுக்குத் தலைவியான மாரியம்மாவுக்கு போன் போட்டாள். “ஆத்தா, வெள்ளிக்கெழம போறோம். எல்லாத்துக்கும் சொல்லிவிட்டுரு. ஆமா, அண்ணன் பாத்துட்டாரு.”

அண்ணன் பார்க்கவில்லை. பட்டியலைத்தான் பார்த்தார்.

2. கையுறை

ராத்திரி முழுக்க வண்டியை ஆறவிட்டுக் காலையில் மூடியைத் திறந்தேன். உள்ளே கடுந்தேநீர் மாதிரி தண்ணீர். விரலை விட்டுப் பார்த்தால் துரு ஒட்டியது. சூடு பட்டால் திறந்து தண்ணீரை விடவேண்டிய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டேன். அது பாட்டுக்கு ஒழுங்காகத் திறந்தது. நான் சொன்ன முதல் காரணம் அங்கேயே பொய்யாகிப் போனது.

சாந்தி அதற்குள் வந்துவிட்டாள். அவள் வண்டியில் மருந்து தெளிக்கப் போடுகிற ரப்பர் கையுறை ஒன்று கிடந்தது. அதை வாங்கி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டித் தண்ணீர் நிரப்பி, ரேடியேட்டர் வாயில் கையுறையைக் கவிழ்த்து டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினேன். பெரிய கருவி இல்லாத பட்டறைக்கு இதுதான் டெஸ்ட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் ஆவி வராது. கையுறை தொங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். சிலிண்டருக்குள் வெடிக்கிற கேஸ் தண்ணீர் ஓடுகிற பாதைக்குள் கசிந்தால்தான் அது உப்பும்.

ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். பெருவிரல் முதலில் நிமிர்ந்தது. பிறகு ஒவ்வொரு விரலாக எழுந்து, ஐந்தும் விறைத்து நின்று ஆடிற்று.

“அண்ணே, டாட்டா காட்டுது” என்று சாந்தி சிரித்தாள்.

“ஆஃப் பண்ணு” என்றேன்.

மேல் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்தேன். ஹெட்டின் அலுமினிய வாய் பூச்சி அரித்த பல் மாதிரி குழிகுழியாக இருந்தது. மூடியை மாற்றி மூடுகிற விஷயம் இல்லை அது.

“தாயி, இதுக்கு என்ன தண்ணி ஊத்துவ?”

“ஊத்துத் தண்ணிதாண்ணே. மெட்டுக்குப் போற வழியில பாறையில விழுகும்ல, எல்லா ஜீப்பும் நின்னு பிடிக்குமே, அது. நாலு வருஷமா அதுதான்.”

“கூலன்ட் யாரும் ஊத்தச் சொல்லலையா?”

“கம்பெனியில சொன்னாங்க. நீங்கதான் வேண்டாம்னீங்க. மொதமொத இந்த வண்டியக் கொண்டாந்து காட்டுனப்ப, இதே எடத்துல நின்னு, கலர் தண்ணிக்குக் காசக் கொட்டாத, மலையில சாமி சும்மா ஊத்துறாருன்னு சொன்னீங்க. மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. அதை நான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

3. சொன்னவன்

நான் தொழில் கற்றது பழைய ஜீப்புகளில். வார்ப்பிரும்பு எஞ்சின், வார்ப்பிரும்பு ஹெட். ஓடைத் தண்ணீரை ஊற்றி இருபது வருஷம் ஓடினதைப் பார்த்தவன். புது வண்டிகளில் ஹெட் அலுமினியம். கூலன்ட் என்பது எஞ்சினை ஆற்ற மட்டும் இல்லை, உள்ளே அரிக்காமல் காக்கிற மருந்தும் அதில்தான் இருக்கிறது. வண்டியோடு கொடுக்கிற புத்தகத்தில் அது அச்சடித்திருக்கிறது. அந்தப் புத்தகத்தை நான் யாருக்கும் படித்துக் காட்டினதில்லை, படித்ததும் இல்லை.

அவள் கேட்டது கேள்வியாகத்தான். குற்றமாக இல்லை. ‘ஏதோ மட்டமான கேஸ்கட் போட்டுட்டான் கம்பெனிக்காரன்’ என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் நம்பியிருப்பாள். ஊரே நம்பும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். “தாயி, ஹெட்டு போயிருச்சு. கம்பெனிக்காரன் சொன்னது நெசம். போனதுக்குக் காரணம் அந்தத் தண்ணி. ஊத்தச் சொன்னவன் நான்.”

ரேடியேட்டர் வாயிலிருந்து கையுறையை அவிழ்த்து எடுத்தாள். “அப்ப நேத்து அடிச்சது?”

“பாக்காம அடிச்சேன்.”

“முழுசுமா நெசம், அவன் எழுதுனது?”

“இன்ஜெக்டர் க்ளீனிங்கும் ஏசி சர்வீசும் இப்பத் தேவையில்ல. அதுக ரெண்டையும் வேண்டாம்னு சொல்லு. மத்ததெல்லாம் வேணும்.”

“நீங்களே பிரிச்சு வெரசா முடிச்சுக் குடுங்களேன். வெள்ளி இல்லாட்டி திங்கக்கெழமன்னு வச்சுக்கிருவோம்.”

செய்யலாம். ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்து அரித்த முகத்தைச் சீவி, புது கேஸ்கட் போட்டு ஐந்து நாளில் ஓட வைத்துவிடுவேன். என் பேரும் நிற்கும். ஆனால் அரித்த குழி ஆழம். சீவின ஹெட் சமமான தேனி ரோட்டில் தாங்கும். ஆறு பெண்களை வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் ஏறும்போது தாங்குமா?

“அஞ்சு நாள்ல ஓட வச்சிருவேன். எத்தன நாள் ஓடும்னு என்னால சொல்ல முடியாது. பொம்பளைகள ஏத்திக்கிட்டுப் போற வண்டி” என்றேன். “கம்பெனிக்குச் சரின்னு சொல்லு. ஹெட்டக் கழட்டினதும் ப்ரெஷர் டெஸ்ட் பண்ணி, போனது போனதுதான்னு ஓங்கண்ணுல காட்டச் சொல்லு. பழைய பார்ட்ட எல்லாம் வாங்கிக்க. கூலன்ட் அவுக சொல்றத மட்டும் ஊத்து. இங்கருந்து ஓட்டிக்கிட்டுப் போகாத, தூக்கிக்கிட்டுப் போகச் சொல்லு.”

தம்பிமார்களே, கம்பெனி சொல்வதெல்லாம் பொய் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு சோம்பேறித்தனம். பட்டியல் வந்தால் முதலில் பானெட்டைத் திறங்கள். பெரிய செலவு என்பதால் மட்டும் அது ஏமாற்று ஆகிவிடாது. நாம் குறைத்துச் சொல்வதால் மட்டும் அது உதவியும் ஆகிவிடாது. அந்த வாரமே எனக்குத் தெரிந்த ஜீப்புக்காரர்கள், வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, புது வண்டியில் ஊற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். ரெண்டு பேர் திட்டினார்கள். திட்டின ரெண்டு பேரும் மறுநாளே வண்டியைக் கொண்டுவந்தார்கள்.

சாந்தி திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பட்டறை வாசலுக்குப் போய் நின்று கம்பெனிக்கு போன் பண்ணினாள். இன்ஜெக்டரும் ஏசியும் வேண்டாம், மற்றதைச் செய்யுங்கள், வண்டியைத் தூக்க ஆள் அனுப்புங்கள் என்றாள். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஷெட்டுக்கு உள்ளே கித்தான் போர்த்தி நின்ற என் சொந்த ஜீப்பைக் கண்ணால் காட்டினாள்.

“அது மலையேறுமாண்ணே?”

“ஏறும்.”

மறுபடியும் போனைக் காதில் வைத்தாள்.

“ஆத்தா, நம்ம வண்டி பதினஞ்சு நாளைக்கு வராது. பறிப்பு நிக்காது, அத நெனச்சுப் பயப்படாத. வெள்ளிக்கெழம அண்ணன் ஜீப்பு வருது. அஞ்சு மணிக்கெல்லாம் எல்லாரும் வந்து நில்லுங்க.” எதிர்ப்பக்கம் மாரியம்மா ஏதோ கேட்டாள். சாந்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“அவரேதான் ஓட்டுவாரு. பதினஞ்சு நாளும்.”